கொடைக்கானல் ஏரி ஒரு ரவுண்டு 5 கிலோமீட்டராமே, யாருங்க அளந்தது?

மூஞ்சிக்கல்காரன் | ஞாயிறு இரவு 9.40

இன்னைக்கு காலைல ஏரிக்கரைல ஒரே கூத்து. சென்னைல இருந்து ஒரு 20 பேர் வந்து, ஒரே கலர் பனியன் போட்டுக்கிட்டு ஏரியை ரெண்டு ரவுண்டு ஓடிட்டு, 10 கே முடிச்சுட்டோம்னு கழுத்துல மெடலை மாட்டி போட்டோ எடுத்து இங்கயே போட்டிருக்காங்க. ஓடுனது நல்ல விஷயம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தப் போட்டோவுக்கு கீழ நம்ம திண்டுக்கல் ஓட்டம் எழுதிருக்கார் பாருங்க, //கொடை லேக் சரியா 5 கிலோமீட்டர், ரெண்டு ரவுண்டு போட்டா கரெக்டா 10, அளந்து வச்ச மாதிரி// அப்படின்னு. யாருங்க அளந்தது? எப்ப அளந்தீங்க? 22 வருஷமா அந்தக் கரையிலதான் சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கிட்டு இருக்கேன், மழை வெயில் பனின்னு பாக்காம தினம் அந்த ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு ரவுண்டு 5 கிலோமீட்டர் கிடையாது. கிடையவே கிடையாது. மெடல்ல வேற 10 கேன்னு அச்சடிச்சிருக்காய்ங்க.

திண்டுக்கல் ஓட்டம் | ஞாயிறு இரவு 10.05

அண்ணே வணக்கம். ஆரம்பிச்சுட்டீங்களா. டூரிஸ்ட் கைடு எதை வேணா எடுத்துப் பாருங்க, ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர்னுதான் போட்டிருக்கும். எல்லாரும் பொய் சொல்றாங்க, நீங்க ஒருத்தர்தான் அரிச்சந்திரன். என் வாட்ச்ல ஒரு ரவுண்டு 5.02 காட்டுச்சு, ஸ்க்ரீன்ஷாட் வேணும்னா போடறேன்.

மூஞ்சிக்கல்காரன் | ஞாயிறு இரவு 10.11

கைடு எழுதுனவன் இன்னொரு கைடைப் பாத்து எழுதுனான், அவன் அதுக்கு முந்துன கைடைப் பாத்து எழுதுனான். ஒருத்தனாவது டேப்பு புடிச்சு அளந்தானா? நெட்டுலயே ஏரியோட கரை நீளம் 4.4 கிலோமீட்டர்னு ஒரு இடத்துல போட்டிருக்கு, அதை மட்டும் ஏன் யாருமே சொல்ல மாட்டேங்குறீங்க? வாட்சு 5.02 காட்டுச்சாம். காட்டும். வழியில குதிரை நிக்கிது, அதைச் சுத்தி ஓடுனீங்க. சோளக்கருது வண்டி நிக்கிது, அதைச் சுத்தி ஓடுனீங்க. செல்ஃபி எடுக்குற குடும்பம் நிக்கிது, அதையும் சுத்தி ஓடுனீங்க. எல்லாத்தையும் கூட்டுனா 5 என்ன, 6 கூட வரும்.

நாயுடுபுரம் அக்கா | ஞாயிறு இரவு 10.20

முதல்ல ஒரு கேள்வி. நீங்க ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? தண்ணி ஓரமா கரையா, நடைபாதையா, இல்ல தார் ரோடா? மூணும் ஒண்ணு இல்லையே. ஏரி நட்சத்திரம் மாதிரி கையைக் காலை நீட்டிக்கிட்டு கிடக்கு, கரை உள்ள போய் வெளிய வரும், ரோடு எல்லா இடத்துலயும் அதோட கூடவே போகாது.

திண்டுக்கல் ஓட்டம் | ஞாயிறு இரவு 10.24

5.02 அண்ணே. ஸ்க்ரீன்ஷாட் போட்டிருக்கேன் பாருங்க. பூஜ்யம் ரெண்டு கூடுதலாவே இருக்கு.

மூஞ்சிக்கல்காரன் | ஞாயிறு இரவு 10.26

5 கிடையாது.

சென்னை சில்வண்டு | ஞாயிறு இரவு 11.02

வணக்கம் ப்ரோஸ், அந்த 20 பேர்ல நானும் ஒருத்தன். எதுக்கு இவ்ளோ காண்டுன்னு புரியல. நாங்க ஈ-பாஸ் எடுத்து, ராத்திரி பூரா பஸ்ல உக்காந்து, கொண்டை ஊசி வளைவுல ரெண்டு பேரு வாந்தி எடுத்து, காலைல 6 மணிக்கு குளிர்ல நடுங்கிக்கிட்டே ஓடிருக்கோம். எனக்கு 54 நிமிஷம், சென்னைல என்னோட பெஸ்ட் 58. 7,000 அடி உயரத்துல பெர்சனல் பெஸ்ட்! ஆல்டிட்யூட்ல ஓடி 4 நிமிஷம் குறைச்சிருக்கேன், அதைப் பாராட்ட மனசு வரல, கிலோமீட்டர் எண்ணிக்கிட்டு இருக்கீங்க.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் | திங்கள் காலை 5.50

தம்பி, நீ இப்ப எழுதுனதுதான் மூஞ்சிக்கல்காரருக்கு முதல் சாட்சி, உனக்கே தெரியல. 1968ல மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக் கேள்விப்பட்டிருப்பே. 2,240 மீட்டர் உயரம், நம்ம கொடையை விட கொஞ்சந்தான் கூட. அங்க 10,000 மீட்டர் ஜெயிச்ச கென்யாக்காரர் டெமு எடுத்துக்கிட்டது 29 நிமிஷம் 27 செகண்ட். அன்னைக்கு உலக ரெக்கார்டு ஆஸ்திரேலியாக்காரர் ரான் கிளார்க் வச்சிருந்த 27 நிமிஷம் 39 செகண்ட். தங்கம் வாங்குனவரே ரெக்கார்டை விட கிட்டத்தட்ட 2 நிமிஷம் லேட்டு, கிளார்க்கு அதே ரேஸ் முடிவுல மயங்கி விழுந்தார், ஆக்சிஜன் வச்சாங்க. இந்த உயரத்துல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல 5ல 4 பங்குதான், மூச்சு இழுத்தாலும் உள்ள போற ஆக்சிஜன் கம்மி. தூரம் ஓடுறவன் டைம் கூடணும், குறையக் கூடாது. உனக்கு 4 நிமிஷம் குறைஞ்சிருக்குன்னா நீ டெமுவை விடப் பெரிய ஆளா இருக்கணும், இல்ல ரோடு குட்டையா இருக்கணும்.

ஒரு ரவுண்டு 4.6ன்னு வச்சுக்க. ரெண்டு ரவுண்டு 9.2. 54 நிமிஷத்தை வகுத்துப் பாரு, கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 52 செகண்ட். அதே வேகத்துல முழு 10 ஓடுனா 58 நிமிஷம் 42 செகண்ட். சென்னை டைம்தான் வந்து நிக்கிது.

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் காலை 6.15

வாத்தியாரே கால்ல விழுந்து கும்புடறேன். இதைத்தான் நான் வாயால சொல்லத் தெரியாம கத்திக்கிட்டு இருந்தேன்.

சென்னை சில்வண்டு | திங்கள் காலை 8.30

சார், மரியாதையோட சொல்றேன், சென்னை வெயில்ல புழுக்கத்துல ஓடி பாத்திருக்கீங்களா? காலை 6 மணிக்கே பனியனைப் பிழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி வரும். இங்க ஏசி போட்ட மாதிரி இருக்கு. குளிர்ல உடம்பு சூடாகாம ஓடினா டைம் குறையாதா? மெக்சிகோ கதையெல்லாம் ஒலிம்பிக் ஆளுங்களுக்கு.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் | திங்கள் காலை 8.41

அது நியாயமான பாயிண்ட்டு. ஆனாலும் 4 நிமிஷம் ஜாஸ்தி.

திண்டுக்கல் ஓட்டம் | திங்கள் காலை 8.44

பாத்தீங்களா, வாத்தியாரே ஒத்துக்கிட்டார். 5தான்.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் | திங்கள் காலை 8.45

நான் எங்கப்பா ஒத்துக்கிட்டேன்?

ஹோம்ஸ்டே அண்ணாச்சி | திங்கள் காலை 9.30

ஏன் எல்லாரும் சேந்து வர்ற விருந்தாளிய விரட்டுதீய? எங்க வீட்டுல தங்குதவங்களுக்கு நான் அடிச்சுக் குடுக்குற நோட்டீஸ்லயே "ஏரியைச் சுற்றி 5 கி.மீ. இனிய நடைப்பயணம்"னுதான் போட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தர் கூட வந்து அண்ணாச்சி 400 மீட்டர் குறையுதுன்னு காசைத் திருப்பிக் கேக்கல. இப்ப 4.6ன்னு மாத்துனா 2,000 நோட்டீசை என்ன பண்ண? சும்மா கிடக்குற சங்கை ஊதிக் கெடுக்காதீய.

வட்டக்கானல் வால் | திங்கள் காலை 9.52

கோக்கர்ஸ் வாக்கும் 1 கிலோமீட்டர்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, 1872ல கோக்கர் போட்ட பாதை, இறங்குறதுக்குள்ள முடிஞ்சுடுது. அதையும் ஒரு கை பாருங்களேன் அண்ணே 😂

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் மதியம் 1.35

பேச்சை மாத்த வேண்டாம். சரி, ஆதாரம் கேட்டீங்கல்ல, சொல்றேன் கேட்டுக்கங்க, எழுதி வச்சுக்கங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆகஸ்டு மாசம், சீசன் இல்ல, கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன், நானே அளந்துருவோம்னு முடிவு பண்ணேன். 26 இஞ்சு சைக்கிள் ஒண்ணை எடுத்தேன். முன் சக்கரத்துக்கு காத்து நல்லா அடிச்சு, வால்வு கிட்ட ஸ்போக்ல ஒரு செவப்புத் துணியைக் கட்டினேன். கடை வாசல் சிமெண்ட்டுல சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுத்து உருட்டி இஞ்சு டேப்புல புடிச்சேன், 2 மீட்டர் 7 சென்டி. போட் கிளப் வாசல்ல இருந்து கிளம்பி சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனேன். துணி ஒரு தடவை கீழ வந்தா 1. 100 சுத்துக்கு ஒரு வறுத்த பட்டாணி, இடது சட்டைப் பையில இருந்து வலது பையிக்கு மாத்துவேன். பிரையண்ட் பார்க் தாண்டி, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லாத மரத்தடி ரோடு, திரும்ப போட் கிளப். வலது பையில 22 பட்டாணி, அதுக்கு மேல 14 சுத்து. மொத்தம் 2,214. 2.07ஆல பெருக்கிப் பாருங்க, 4,583 மீட்டர். 5 கிலோமீட்டர் கிடையாது. இது என் கையால அளந்தது, ஆகாசத்துல இருந்து எந்த சாட்டிலைட்டும் எனக்கு சொல்லல.

ஹோம்ஸ்டே அண்ணாச்சி | திங்கள் மதியம் 2.10

ஆள் ஏறி உக்காந்தா டயர் அமுங்கும்லா, சுத்தளவு மாறிரும்லா, அப்ப உங்க கணக்கே தப்புதானே.

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் மதியம் 2.14

அண்ணாச்சி, தள்ளிக்கிட்டு போனேன்னு தமிழ்லதான எழுதிருக்கேன். சரி ஏறி உக்காந்தேன்னே வச்சுக்கங்க. டயர் அமுங்குனா சுத்தளவு 2.05 ஆகும், அப்ப 4,539. இன்னும் 44 மீட்டர் கொறையுது. எனக்கு சாதகமா பேசுறீங்க, ரொம்ப நன்றி.

திண்டுக்கல் ஓட்டம் | திங்கள் மதியம் 2.32

அண்ணே ஒரே ஒரு கேள்வி. 5,000ல 4,583 போனா 417 மீட்டர். 2.07ஆல வகுத்தா 201 சுத்து. அதாவது சரியா 2 பட்டாணி. மதியானம் பசி நேரத்துல வறுத்த பட்டாணியைப் பையில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நடந்திருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க, 2 பட்டாணி எங்க போச்சு?

வட்டக்கானல் வால் | திங்கள் மதியம் 2.33

😂😂😂😂 முடியல

நாயுடுபுரம் அக்கா | திங்கள் மதியம் 2.40

ஐயோ சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கிது. ஆனா நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. கரையா, நடைபாதையா, ரோடா?

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் மதியம் 2.51

நான் பட்டாணி திங்கல. எனக்கு வாய்வு, பட்டாணி ஒத்துக்காது, வீட்ல கேட்டுப் பாருங்க. பொறுக்கு நாய் மாதிரி எண்ணுற பட்டாணியைத் திங்குற ஆளா நான்? ஒரு இடத்துல குதிரை ஒண்ணு குறுக்க வந்துச்சு, அதுல ஒண்ணு ரெண்டு சுத்து விட்டிருப்பேன், அதை வேணா சேத்துக்கங்க. 4 மீட்டர். அவ்வளவுதான்.

திண்டுக்கல் ஓட்டம் | திங்கள் மதியம் 2.55

ஓ, சுத்து விட்டதை இப்ப ஒத்துக்கிறீங்க. ரெண்டு சுத்து விட்டவரு 200 சுத்து விட எவ்வளவு நேரம் ஆகும்?

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் மதியம் 3.02

நீ கணக்கு கேக்குறியா? சரி நானும் ஒரு கணக்கு கேக்குறேன். போன ஜனவரி மாசம், நல்ல பனி, கண்ணு தெரியல, என் கடையில இருந்து சைக்கிள் எடுத்துட்டுப் போய் கட்டைச் சுவத்துல விட்டு ரிம்மைக் கோட்டமாக்கி கொண்டாந்து சத்தம் போடாம சாத்தி வச்சிட்டு கீழ இறங்கிப் போன ஆள் யாரு? 600 ரூவா இன்னும் வரல. 5 கிலோமீட்டர்னு நினைச்சுக்கிட்டுதான் வளைவு வர்றதுக்கு முன்னாடியே சுவத்துல விட்டியோ என்னவோ.

திண்டுக்கல் ஓட்டம் | திங்கள் மதியம் 3.10

அந்த சைக்கிள்ல பிரேக்கு இருந்துச்சாண்ணே? பின் பிரேக் கட்டை தேஞ்சு இரும்பு தெரிஞ்சுச்சு. நான் உங்க மேல கேஸ் போடாம விட்டதே பெரிசு.

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் மதியம் 3.12

22 வருஷத்துல என் சைக்கிள்ல பிரேக் இல்லன்னு சொன்ன முத ஆளு நீ. பனியில 30ல போனா ரயிலுக்கே பிரேக் புடிக்காது.

பண்ணைக்காட்டான் | திங்கள் மாலை 4.20

இவ்ளோ நேரமா படிச்சுக்கிட்டு வர்றேன், ஒருத்தருக்காவது ஊர் பேரை ஒழுங்கா எழுதத் தெரியுதா பாருங்க. ஊர் பேரு கோடைக்கானல். கோடை. கோடைமலைன்னு சங்கப் பாட்டுலயே இருக்கு. நீங்க என்னடான்னா கொடை கொடைன்னு யாரோ தானம் குடுத்த மாதிரி எழுதுறீங்க.

நாயுடுபுரம் அக்கா | திங்கள் மாலை 4.31

சார், பஸ் போர்டுல, நகராட்சி போர்டுல, என் ரேஷன் கார்டுல எல்லாத்துலயும் கொடைக்கானல்தான். உங்க சங்கப் பாட்டை ரேஷன் கடையில காட்டினா அரிசி போடுவானா?

பண்ணைக்காட்டான் | திங்கள் மாலை 4.35

கார்டுல தப்பா போட்டா தப்பு சரியாயிடுமா?

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் மாலை 4.36

கரெக்ட்டு! இதைத்தான் நானும் சொல்றேன். கைடுல 5ன்னு போட்டா தப்பு சரியாயிடுமா?

பண்ணைக்காட்டான் | திங்கள் மாலை 4.50

நான் உங்க பக்கம் பேசல. எனக்கு உங்க ஏரி மேலயே கோவம். 1863ல லெவிஞ்சுன்னு ஒரு மதுரை கலெக்டரு ஓடைத் தண்ணிய கரை கட்டி மறிச்சு வச்ச ஒரு குளம், 60 ஏக்கர், அதையே 160 வருஷமா எல்லாரும் சுத்திச் சுத்தி வர்றாய்ங்க. பழனி மலைன்னா அந்த ஒரு குளந்தானா? வர்றவன் ஏறி வர்ற வழியிலயே எங்க பக்கம் திரும்பிப் பாக்குறதில்ல. தாண்டிக்குடி ரோட்டுல காபித் தோட்டத்து நிழல்ல நடந்து பாத்திருக்கீங்களா? பெருமாள் மலை ஏறியிருக்கீங்களா? மன்னவனூர் புல்வெளில காத்து வாங்கிருக்கீங்களா? ஓடணும்னு ஆசைப்படுறவன் பூம்பாறை ரோட்டுல ஓடட்டும், ஏத்தம் இறக்கம் எல்லாம் சேந்து 3 கிலோமீட்டர்லயே நாக்கு தள்ளிரும், அப்ப மெடலை மாட்டுங்க.

சென்னை சில்வண்டு | திங்கள் மாலை 5.15

இது நல்ல ஐடியாவா இருக்கே. அடுத்த தடவை நாங்க பேரிஜம் ஏரி வரைக்கும் ஓடலாம்னு பாக்கறோம், இல்லன்னா வட்டக்கானல்ல இருந்து வெள்ளக்கவி வழியா கும்பக்கரை இறங்கி ஒரு ட்ரெயில் ரன். மேப்ல கோடு தெரியுது.

நாயுடுபுரம் அக்கா | திங்கள் மாலை 5.22

தம்பி, மேப்ல கோடு தெரியும், யானை தெரியாது. பேரிஜம் முழுக்க காட்டு இலாகா கையில இருக்கு, பர்மிட் வாங்கி வண்டியிலதான் விடுவாங்க. வெள்ளக்கவில ஊருக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க, சாமி ஊர்னு மரியாதை. அங்க போய் 8,000 ரூவா ஷூவை மாட்டிக்கிட்டு தடதடன்னு ஓடி அந்த சனங்க மனசை நோகடிக்காத. 2018 மார்ச்சு மாசம் அடுத்த மலையில குரங்கணில காட்டுத்தீ வந்து 23 பேர் போனாங்க, நம்மள்ல யாரும் அதை மறக்கல. அதுக்கப்புறம் பர்மிட் இல்லாம காட்டுக்குள்ள போறேன்னு இங்க எழுதாதீங்க. 2024ல இருந்து அரசாங்கமே மாநிலம் முழுக்க 40 பாதைக்கு ஆன்லைன்ல புக்கிங் திறந்து வச்சிருக்கு, கூட வழிகாட்டியும் வருவாங்க. அதுல பாத்துட்டு வா.

சென்னை சில்வண்டு | திங்கள் மாலை 5.30

சரிங்க்கா. தேங்க்ஸ்.

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் மாலை 5.41

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா தம்பி, அடுத்த தடவை ஏரில ஓடினா மெடல்ல 9 கேன்னு அடிங்க. 9.2 வேணும்னா கூட போட்டுக்கங்க.

சென்னை சில்வண்டு | திங்கள் மாலை 5.44

மெடல்ல 9.2ன்னு போட்டா வீட்ல சிரிப்பாங்க அண்ணா.

திண்டுக்கல் ஓட்டம் | திங்கள் இரவு 8.15

9.2 எங்க இருந்து வந்துச்சு? வாத்தியார் "4.6ன்னு வச்சுக்க"ன்னு ஒரு பேச்சுக்கு சொன்னார். அதையே புடிச்சுக்கிட்டு தொங்குறீங்க. இன்னொண்ணு. என் கூட ஓடுன 3 பேர் வாட்ச்லயும் 4.9, 5.0, 5.1தான் வந்துச்சு. மூணு வாட்சும் சேந்து பொய் சொல்லுமா?

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் | திங்கள் இரவு 8.40

மூணும் மூணு விதமா சொல்லுதேப்பா, அதுல 2 கட்டாயம் தப்புதான. மரத்துக்குக் கீழ ஜிபிஎஸ் தடுமாறும், புள்ளி அங்க இங்க தாவும், தாவுற புள்ளிய எல்லாம் கோடு போட்டு இணைச்சா நேர் ரோடு கூட பாம்பு மாதிரி ஆகி தூரம் கூடிடும். அதனாலதான் பெரிய ரோடு ரேஸ்களுக்கு வாட்சை வச்சு அளக்குறதே இல்ல. சைக்கிள் முன் சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்ட்டர்னு ஒரு சின்ன எண்ணு மிஷினை மாட்டுவாங்க. முதல்ல இரும்பு டேப்புல அளந்த நேர் ரோட்டுல ஓட்டி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கைன்னு சரி பாத்துக்குவாங்க. அப்புறம் ரோட்டு வளைவுல உள் ஓரத்துல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, எது இருக்குறதுலயே குட்டை வழியோ அதுலயே ஓட்டுவாங்க. கடைசில ஆயிரத்துல 1 பங்கு கூட்டி வைப்பாங்க, எவனும் குட்டையான ரோட்டுல ரெக்கார்டு அடிச்சுட்டேன்னு சொல்லிடக் கூடாதுன்னு. 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர் கூடுதல். மூஞ்சிக்கல்காரர் பண்ணது கிட்டத்தட்ட அதேதான், மிஷினுக்குப் பதிலா பட்டாணி.

மூஞ்சிக்கல்காரன் | திங்கள் இரவு 8.44

கேட்டுக்கங்க. ஜோன்ஸ் கவுண்ட்டர்.

திண்டுக்கல் ஓட்டம் | திங்கள் இரவு 8.46

ஜோன்ஸ் அவரோட கவுண்ட்டரைத் திங்கல.

ஹோம்ஸ்டே அண்ணாச்சி | செவ்வாய் காலை 7.20

இதெல்லாம் விடுங்கய்யா, மே மாசம் கோடை விழால வழக்கம் போல படகுப் போட்டி, நாய் கண்காட்சி, வாத்து பிடிக்குத போட்டின்னு நடத்துவாங்க. நம்மளும் சேந்து வெளியூர்க்காரங்களுக்கு ஏரியைச் சுத்தி ஒரு ஓட்டப் போட்டி வச்சா என்ன? ரூம் நிறையும், கடை நிறையும், எல்லாருக்கும் நாலு காசு.

நாயுடுபுரம் அக்கா | செவ்வாய் காலை 7.35

ரூம் நிறைஞ்சா எங்க தண்ணித் தொட்டி காலியாகும் அண்ணாச்சி. சனி ஞாயிறு நாளைக்கு 6,000 வண்டிதான் விடணும்னு கோர்ட்டே கணக்கு போட்டு குடுத்தும் மூஞ்சிக்கல்ல இருந்து ஏரிக்கு நடந்தா சீக்கிரம் போகலாம்கிற நிலைமை. இன்னைக்கு காலைல வாக்கிங் போனேன், ஒரு பக்கம் குதிரைச் சாணி, ஒரு பக்கம் கார் ஹாரன், நடுவுல நான் பாலே டான்ஸ் ஆடிக்கிட்டே போறேன். முதல்ல நடக்க இடம் விடுங்க, அப்புறம் ஓடலாம்.

மூஞ்சிக்கல்காரன் | செவ்வாய் காலை 7.50

போட்டி வைங்க, நான் வேணாம்னு சொல்லல, சைக்கிள் கூட ரெண்டு நாளு இலவசமா தர்றேன். ஆனா நோட்டீஸ்ல 5 கிலோமீட்டர்னு ஒரு எழுத்து இருந்தா நான் அங்கயே உக்காந்து மறியல் பண்ணுவேன்.

ஹோம்ஸ்டே அண்ணாச்சி | செவ்வாய் காலை 7.58

"ஏரி ஓட்டம் ஒரு சுற்று"ன்னு போட்டுருவோம். கிலோமீட்டரே வேண்டாம்.

திண்டுக்கல் ஓட்டம் | செவ்வாய் காலை 8.05

கிலோமீட்டர் போடாம எவன் அண்ணாச்சி பணம் கட்டுவான்? 5 கேன்னு போட்டாத்தான் ஆள் வரும். ஏன்னா அது 5தான்.

மூஞ்சிக்கல்காரன் | செவ்வாய் காலை 8.07

கிடையாது.

வட்டக்கானல் வால் | செவ்வாய் காலை 8.30

பேசாம எல்லாரும் வர்ற ஞாயித்துக்கெழம காலைல 6 மணிக்கு போட் கிளப் கிட்ட வந்துருங்க. வாத்தியார் சாட்சி, மூஞ்சிக்கல் அண்ணன் சைக்கிள், திண்டுக்கல் அண்ணன் எண்ணட்டும். பட்டாணி வேணாம், நான் கூழாங்கல்லு கொண்டு வர்றேன், யாரும் திங்க முடியாது.

திண்டுக்கல் ஓட்டம் | செவ்வாய் காலை 8.41

வர்றேன். ஆனா அவர் சைக்கிள் வேணாம், சக்கரத்துல என்ன சூது வச்சிருப்பாரோ. என் சைக்கிளைக் கார்ல கொண்டு வர்றேன்.

மூஞ்சிக்கல்காரன் | செவ்வாய் காலை 8.43

உன் சைக்கிள் டயரு நூல் மாதிரி இருக்கும், அது ரோட்டுல எங்க நிக்கும்? என் சைக்கிள்தான். வர்றப்ப 600 ரூவாயும் கொண்டு வா.

நாயுடுபுரம் அக்கா | செவ்வாய் காலை 9.00

மூணாவது தடவையா கேக்குறேன். கரையா, நடைபாதையா, ரோடா? எதை அளக்கப் போறீங்க?

மூஞ்சிக்கல்காரன் | ஞாயிறு காலை 8.20

5.45ல இருந்து 7.30 வரைக்கும் சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு பய வரல. கை விறைச்சுப் போச்சு. திண்டுக்கல்காரர் பயந்துட்டார்னு எல்லாரும் தெரிஞ்சுக்கங்க.

திண்டுக்கல் ஓட்டம் | ஞாயிறு காலை 8.26

யாரு பயந்தா? ராத்திரி 2 மணிக்கு கிளம்பி வத்தலக்குண்டுல டீ குடிச்சு மலை ஏறி வந்து 5.40ல இருந்து நானும்தான் நின்னேன். பனில முன்னாடி கையே தெரியல. போன் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். எங்க நின்னீங்க நீங்க?

மூஞ்சிக்கல்காரன் | ஞாயிறு காலை 8.28

போட் கிளப் வாசல்ல.

திண்டுக்கல் ஓட்டம் | ஞாயிறு காலை 8.29

நானும் போட் கிளப் கிட்டதான். டிக்கெட் கவுண்ட்டர் பக்கம்.

மூஞ்சிக்கல்காரன் | ஞாயிறு காலை 8.31

அது எப்படிய்யா வாசல் ஆகும்? அளக்க ஆரம்பிக்கிற இடமே தெரியாம நீ எங்க இருந்து 5.02 அளந்த? இதுலயே தெரியுது.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் | ஞாயிறு காலை 8.50

நான் வந்தேன். ரெண்டு பேர் சத்தமும் கேட்டுச்சு, ஆளைத்தான் காணல. டூரிஸ்ட்டுங்க சண்டை போடுறாங்கன்னு நினைச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

வட்டக்கானல் வால் | ஞாயிறு காலை 11.15

சாரி, தூங்கிட்டேன். கூழாங்கல்லு ரெடியாத்தான் இருக்கு.

திண்டுக்கல் ஓட்டம் | ஞாயிறு காலை 11.32

வந்ததுக்கு சும்மா போக வேணாம்னு தனியா ஒரு ரவுண்டு ஓடிட்டுதான் இறங்குறேன். 4.97.

மூஞ்சிக்கல்காரன் | ஞாயிறு காலை 11.34

போன வாரம் 5.02, இந்த வாரம் 4.97. ஒரே வாரத்துல ஏரி 50 மீட்டர் சுருங்கிருச்சாக்கும்? அடுத்த வாரமும் வாங்க.

திண்டுக்கல் ஓட்டம் | ஞாயிறு காலை 11.36

இன்னைக்கு குதிரை கம்மிண்ணே.

மூஞ்சிக்கல்காரன் | ஞாயிறு காலை 11.37

அந்த 600?